ஓய்வுபெற்ற தமிழ்ப் பொலிஸ் உத்தியோகத்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம்.

கான்ஸ்டபிளாக, சார்ஜன்டாக, பரிசோதகராக, சிலர் அதற்கும் மேலே இருந்து ஓய்வுபெற்று, இப்போது யாழ்ப்பாணத்தில் ஊரோடு இருக்கிற உங்களுக்குத்தான் இந்த மடல். நான் உள்ளூராட்சி சபைகளில் வருமானப் பரிசோதகராக வேலை செய்து பென்சன் எடுத்தவன். சோலைவரிப் புத்தகத்தோடும் வியாபார உரிமப் பத்திரங்களோடும் காலம் போனது. சபைக் கூட்டங்களில் பின்வரிசையில் இருந்து உறுப்பினர்கள் பேசுவதைக் கேட்பதும் அந்த வேலையோடு வந்தது. கேட்டுக் கேட்டு மனதில் ஊறிப்போன ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். தேர்தலில் நில்லுங்கள். மாகாண சபைத் தேர்தல் எப்போது வைக்கிறார்களோ அதற்கு நில்லுங்கள். உள்ளூராட்சி சபைகளுக்கு மறுபடி வாக்கெடுப்பு வரும்போது அதற்கும் நில்லுங்கள்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள். 2025 மே 6 இல் நடந்த தேர்தலோடு புதிய உறுப்பினர்கள் வந்தார்கள். ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், வியாபாரிகள், கமக்காரர், கடற்றொழில் சங்கத்துக்காரர் என்று எல்லாத் தொழிலிலும் இருந்து சபைக்கு ஆட்கள் வருவதைப் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த சபைகளில், பொலிஸ் உடுப்பைக் கழற்றிவிட்டு வந்து உறுப்பினரானவர் ஒருவரையும் கண்டதில்லை. ஆனால் அந்தச் சபைகளில் அடிக்கடி எழும்பிய பேச்சு பொலிஸைப் பற்றியதுதான்.

எப்படி எழும்பும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு வட்டாரத்தில் ஐஸ் போதைப்பொருள் விற்கிறார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைக்கும் போய்விட்டது என்று ஓர் உறுப்பினர் எழுந்து பேசுவார். மற்றவர் வாள்வெட்டைப் பற்றிச் சொல்வார். இன்னொருவர் இரவில் மணல் ஏற்றிக்கொண்டு ஓடும் டிப்பர்களைப் பற்றிச் சொல்வார். எல்லாரும் உண்மையாகவே கொதிப்பார்கள். கடைசியில், பொலிஸார் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறும். செயலாளர் கடிதம் எழுதுவார். கடிதம் பொலிஸ் நிலையத்துக்குப் போகும். அடுத்த மாதக் கூட்டத்தில் அதே பேச்சு மறுபடி எழும்பும்.

அந்தக் கடிதத்தில் என்ன கேட்க வேண்டும் என்று சபையில் யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த வட்டாரத்திலிருந்து வந்த முறைப்பாடுகள் எத்தனை, அவற்றில் எத்தனை தகவல் புத்தகத்தில் ஏறின, எத்தனைக்கு நீதவானிடம் பி அறிக்கை (விசாரணை பற்றிப் பொலிஸ் கொடுக்கும் அறிக்கை) போனது, பிடித்த பொருள் அரச இரசாயனப் பகுப்பாய்வுக்கு எப்போது அனுப்பப்பட்டது, அறிக்கை வந்ததா, வராமல் எத்தனை வழக்கு இழுபடுகிறது, இரவுச் சுற்றுக்காவல் எந்த ஒழுங்கைகளால் போகிறது. இப்படிக் கேட்டால் பொறுப்பதிகாரி மொட்டையாக ஒரு பதில் எழுதிவிட முடியாது. பதில் தராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடலாம். எந்தப் பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேட்பது என்று தெரிந்தவர் போட்டால்தான் அந்த விண்ணப்பத்துக்கும் பலன்.

பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களிலும் இதே கதைதான். பொலிஸ் தரப்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து, விசாரணை நடக்கிறது என்று சொல்லிவிட்டு இருப்பார். தவிசாளர் தலையாட்டுவார். எதிரே இருப்பவர் தன் வேலையை உள்ளும் புறமும் அறிந்தவர் என்று தெரிந்தால் அந்த அதிகாரியின் பதில் வேறு விதமாக இருக்கும்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற சார்ஜன்ட் ஒருவர் இருக்கிறார். தெற்கிலும் கிழக்கிலும் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு வந்தவர். ஒருநாள் பின்னேரம் நான் அவர் வீட்டு விறாந்தையில் இருக்கும்போது ஓர் அம்மா வந்தார். பக்கத்துக் காணிக்காரன் எல்லைக் கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலியைத் தள்ளி அடைத்துவிட்டான். அம்மா பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டு, அதன் பிரதியைப் பணம் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பிரதி முழுக்கச் சிங்களம். அடியில் அம்மாவின் கையெழுத்துத் தமிழில் இருந்தது. சார்ஜன்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். எல்லைக் கட்டை பிடுங்கியதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. இரண்டு பகுதிக்கும் வாய்த்தர்க்கம் ஏற்பட்டது, தன்னைத் தூஷணத்தால் ஏசினார்கள் என்று மட்டும்தான் இருந்தது. அம்மா திகைத்துப்போனார். நான் கட்டையைப் பற்றித்தானே மூன்று தரம் சொன்னேன் தம்பி என்றார்.

சார்ஜன்ட் கோபப்படவில்லை. நாளைக் காலையில் போங்கள், மேலதிக வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள், தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள் என்றார். பிறகு வேலியைத் தள்ளி அடைத்தது எந்தக் கிழமை என்று கேட்டார். கேட்டதற்குக் காரணம் இருந்தது. காணித் தகராற்றால் சமாதானம் குலையும் என்றால் பொலிஸார் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். ஊரில் எல்லாரும் 66 கேஸ் என்பார்கள். அந்த வழக்கில் நீதவான் காணி உறுதி யாருக்கு என்று தீர்மானிப்பதில்லை, காணி யாருடைய கையில் இருந்தது என்றுதான் பார்ப்பார். பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் என்றால், வழக்குத் தாக்கலான நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் அது நடந்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் போய்விட்டால் அம்மா மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். இதை அந்த அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. முறைப்பாடு எழுதியவரும் சொல்லவில்லை. சார்ஜன்ட் சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை எத்தனை குடும்பங்களை நீதிமன்றப் படி ஏற்றியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததில்லை. உங்களில் பலர் இந்தச் சார்ஜன்டைப் போலவே வீட்டு விறாந்தையில் இருந்து, சம்பளம் இல்லாமல், பெயரும் இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறீர்கள். ஊர் உங்களிடம் ஏற்கெனவே வருகிறது. சபைக் கதிரையில் இருந்து அதைச் செய்தால் ஓர் ஒழுங்கைக்குக் கிடைக்கிறது ஒரு பிரதேசத்துக்கே கிடைக்கும்.

வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்புச் சொல்கிறது. பொலிஸ் நிலையங்களில் 24 மணித்தியாலமும் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பிய மொழியில் வாக்குமூலம் எழுதப்பட வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்தது. அந்தப் பரிந்துரை நடைமுறைக்கு வந்ததா என்று ஒவ்வொரு நிலையமாக, ஒவ்வொரு மாதமாகக் கணக்குக் கேட்கிற உறுப்பினர் ஒருவர் வேண்டும்.

துணைவிதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சபைகள் சட்டம் ஆக்குகின்றன என்பதை மக்களும் மறந்துவிட்டார்கள், உறுப்பினர்களில் பலரும் மறந்துவிட்டார்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. சந்தை, குப்பை, கட்டாக்காலி மாடு, விளம்பரப் பலகை என்று பலதுக்கும் துணைவிதி ஆக்கலாம். அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வந்தால் அது நீதிமன்றத்தில் செல்லும். ஆனால் துணைவிதியை எழுதுகிறபோது, நாளைக்கு இதை வைத்து ஒருவரை நீதவான் முன்னால் நிறுத்த வேண்டுமே என்ற யோசனை இருக்க வேண்டும். யார் அதிகாரமளிக்கப்பட்ட உத்தியோகத்தர், எதைக் கண்டால் குற்றம், கண்டதை எப்படி எழுதுவது, பொருளைக் கைப்பற்றினால் பற்றுச்சீட்டு யார் கொடுப்பது, அதை எங்கே பூட்டி வைப்பது. இவை சரியாக எழுதப்படாததால் சபை போட்ட வழக்குகள் தள்ளுபடியாவதைக் கண்டிருக்கிறேன். வழக்குப் பதிந்து, சாட்சிக் கூண்டில் ஏறி, எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் குறுக்கு விசாரணையைத் தாங்கிய உங்களுக்கு இது கைவந்த கலை.

2021 ஏப்ரலில் யாழ்ப்பாண மாநகர சபைக்கு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நகரில் குப்பை போடுகிறவர்களையும் வெற்றிலை துப்புகிறவர்களையும் பிடித்துத் தண்டப்பணம் அறவிட ஐந்து பேர் கொண்ட ஓர் அணியைச் சபை இறக்கியது. அவர்களுக்கு நீல நிறத்தில் ஓர் உடுப்பு. அது புலிகளின் காவல்துறை உடுப்பைப் போல இருக்கிறது என்று கூச்சல் எழும்பி, மாநகர முதல்வர் வி. மணிவண்ணனைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவினர் கைதுசெய்தார்கள். கொழும்பு மாநகர சபையின் அணி போடுகிற உடுப்பைப் பார்த்துத்தான் தைத்தோம் என்று அவர் சொன்னார். நீதிமன்றம் அவரைப் பிணையில் விட்டது. குப்பை போடாமல் தடுக்கப் போன ஒரு சபையின் தலைவரைப் பயங்கரவாத விசாரணைக்குக் கொண்டுபோகிற நாட்டில், எங்கள் சபைகள் ஓர் எளிய ஒழுங்கு விதியை நடைமுறைப்படுத்தவே பயப்படுகின்றன. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. சபைக்குள் உங்களைப் போன்ற இருவர் இருந்தால் எந்த அதிகாரி எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வருகிறார், அவர் எதைக் காட்ட வேண்டும், எங்கே அவர் எல்லை மீறுகிறார் என்று அந்த நிமிடமே சொல்ல ஆள் இருக்கும்.

இனி மாகாண சபைக்கு வருகிறேன். உங்களை நான் கேட்பதற்குப் பெரிய காரணம் அங்கேதான் இருக்கிறது.

1987 நவம்பரில் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் பொலிஸையும் பொது ஒழுங்கையும் மாகாண சபை நிரலில் போட்டது. ஒன்பதாவது அட்டவணையின் முதலாவது பின்னிணைப்பு அதை விரிவாகச் சொல்கிறது. மாகாணத்துக்கு ஒரு பொலிஸ் பிரிவு. மூன்று பேர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு, அதில் ஒருவர் முதலமைச்சரின் நியமனம். மாகாணத்துக்கான பிரதிப் பொலிஸ் மா அதிபரை முதலமைச்சரின் இணக்கத்தோடு நியமிக்க வேண்டும். மாகாணத்தில் பொது ஒழுங்கைப் பேணுகிற விடயத்தில் அவர் முதலமைச்சருக்குப் பொறுப்புக் கூற வேண்டும். அரசுக்கு எதிரான குற்றங்கள், படையினர் தொடர்பான குற்றங்கள், தேர்தல், நாணயம் போன்றவை தேசியப் பிரிவிடம் இருக்கும். இவ்வளவும் நாட்டின் அரசியலமைப்பில் அச்சிட்டபடி இருக்கிறது. எந்த மாகாணத்திலும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

2013 செப்டெம்பர் 21 இல் வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தோம். ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதியரசர் சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். நீதிபதியின் ஆசனத்தில் இருந்தவரின் அறிவு சபைக்கு வேண்டும் என்று நினைத்தோம். பொலிஸ் நிலையத்து மேசையில் இருந்தவரின் அறிவும் வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதற்கிடையில் 2017 இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தை மாற்றினார்கள். புதிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று தேர்தல் அந்தரத்தில் தொங்கியது.

பொலிஸ் அதிகாரம் வேண்டும் என்று மேடையில் பேசாத தமிழ் அரசியல்வாதி இல்லை. அது கையில் வந்தால் அடுத்த நாள் காலையில் என்ன செய்வோம் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? ஆட்சேர்ப்புக்கு எந்தத் தகுதி, எத்தனை மாதப் பயிற்சி, பயிற்சி எங்கே, மாகாணப் பிரிவுக்கும் தேசியப் பிரிவுக்கும் ஒரே சம்பவத்தில் முரண்பாடு வந்தால் யார் விசாரிப்பது, குற்றவியல் ஆய்வுகூடம் இல்லாத மாகாணம் கைரேகையை எங்கே அனுப்புவது, ஒரு நிலையத்துக்கு இரவுக் கடமைக்கு எத்தனை பேர் வேண்டும். இவற்றுக்கு மேடைப் பேச்சில் பதில் இல்லை. உங்கள் பழைய கடமைக் குறிப்புகளில் இருக்கிறது. தெற்கில் பயப்படுகிறவர்களுக்கும், பாருங்கள், இப்படித்தான் நடத்தப்போகிறோம் என்று காட்டக்கூடிய வரைவு ஒன்று எங்கள் கையில் இருக்க வேண்டும். அதை எழுதக்கூடியவர்கள் நீங்கள்.

பொலிஸில் தமிழர் தொகை கூடினால் போதும், சட்டம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 1983 ஜூலையில் நாட்டின் பொலிஸ் மா அதிபராக இருந்தவர் ஒரு தமிழர். ருத்ரா ராஜசிங்கம், 1982 முதல் 1985 வரை அந்தப் பதவியில் இருந்தார். அவர் உச்சியில் இருந்தபோதுதான் கொழும்பில் தமிழ் வீடுகள் எரிந்தன. அவரைக் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. ஆள் யார் என்பதோடு அதிகாரம் யாருக்குப் பொறுப்புக் கூறுகிறது என்பதும் சட்டத்தில் மாற வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சட்டத்தை மாற்றுவது சபைகளில்தான் நடக்கும். 2025 ஆகஸ்ட் 5 இல், பதவியில் இருந்த பொலிஸ் மா அதிபர் ஒருவரை நாடாளுமன்றம் 177 வாக்குகளால் பதவி நீக்கியது. மக்கள் பிரதிநிதிகள் பொலிஸைக் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே இப்போது முன்னுதாரணம் இருக்கிறது.

வெளிநாட்டில் இந்த வழியில் போனவர்கள் பலர். இருவரைச் சொல்கிறேன். லொஸ் ஏஞ்சலிஸில் ரொம் பிராட்லி என்ற கறுப்பினத்தவர் 1940 இல் பொலிஸில் சேர்ந்து லெப்டினன்ட் வரை உயர்ந்து 1961 இல் விலகினார். 1963 இல் நகர சபை உறுப்பினரானார். 1965 இல் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தபின், தன் பழைய திணைக்களத்தின் தலைவரைச் சபையிலேயே நேருக்கு நேர் எதிர்த்துப் பேசினார். 1973 இல் மேயராகி 20 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

மற்றவர் நியூயோர்க்கின் எரிக் அடம்ஸ். 15 வயதில் பொலிஸ் நிலையத்துக்குள் தனக்கு அடி விழுந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த நகரின் பொலிஸ் சேவையிலேயே 1984 இல் சேர்ந்தார். 1995 இல் கறுப்பினப் பொலிஸாருக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவராக நின்று, சேவையில் இருந்துகொண்டே பொலிஸின் இனப்பாகுபாட்டைப் பேசினார். 22 ஆண்டுச் சேவைக்குப் பின் கப்டனாக ஓய்வுபெற்று, 2007 இல் மாநில செனற் சபைக்குப் போனார். அந்த நகரில் பொலிஸார் வீதியில் ஆட்களை மறித்துச் சோதனை போடுவது பெரும் பிரச்சினையாக இருந்தது. 2011 இல் மட்டும் 685,000 மறிப்புகளுக்கு மேல் பதிவாகின. பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவரும்தான். குற்றம் எதுவும் இல்லை என்று விட்டவர்களின் பெயரும் முகவரியும் பொலிஸின் கணினியில் கிடந்தன. அப்படி வைத்திருக்கக் கூடாது என்று 2010 இல் மாநிலம் சட்டம் இயற்றியது. செனற்றில் அதை முன்னெடுத்தவர் இந்த முன்னாள் கப்டன். 2013 இல் இந்த மறிப்பு முறைக்கு எதிரான வழக்கில் கூண்டில் ஏறிச் சாட்சியும் சொன்னார்.

அடம்ஸின் பின்கதையையும் மறைக்கக் கூடாது. மாநில சபைக்குப் பின் புரூக்ளின் பகுதியின் தலைவராக இருந்து, 2022 இல் நகர மேயரானார். 2024 செப்டெம்பரில், மேயராக இருக்கும்போதே, ஊழல் குற்றச்சாட்டில் அவர்மீது குற்றப்பத்திரம் வந்தது. 2025 ஏப்ரலில் வழக்குத் தள்ளுபடியானது. பொலிஸில் இருந்து வந்தவர் என்பது நேர்மைக்கு அத்தாட்சிப் பத்திரம் ஆகாது. அவரையும் ஊர் கண்காணிக்க வேண்டும். ஆனால் 2010 இல் அவர் முன்னெடுத்த சட்டத்தைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர்தான் ஞாபகம் வருகிறது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று படிவம் நிரப்பிக் கொடுத்து, கொடுத்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அந்தப் படிவங்களுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம், 76 ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் எழுதிய சட்டம். வாங்கிய விபரங்கள் எங்கே போகின்றன, எத்தனை ஆண்டு வைத்திருக்கிறார்கள், எப்போது அழிக்கிறார்கள் என்று எந்தச் சபையிலாவது யாராவது கேட்டதுண்டா? அந்த அலமாரியைத் திறந்து மூடியவர்கள் நீங்கள்.

எல்லாம் சரி, ஊர் எங்களை ஏற்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1974 ஜனவரி 10 இல் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் பொலிஸ் நடத்திய அட்டூழியத்தை இந்த ஊர் மறக்கவில்லை. 1981 இல் நூலகம் எரிந்த இரவில் காக்கிச் சட்டைகள் எங்கே நின்றன என்பதையும் மறக்கவில்லை. 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் பொலிஸார் சுட்ட சம்பவத்தில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தார்கள். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைதுசெய்த இளைஞர் ஒருவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, பொலிஸில் இருந்தவருக்கு வாக்குப் போடு என்று ஒரு தாயிடம் கேட்பது இலகுவான காரியம் இல்லை.

உங்கள் பக்கத்து வலியும் எனக்குத் தெரியும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் தமிழ்ப் பொலிஸ்காரர் என்றாலே இரண்டு பக்கமும் சந்தேகம். இயக்கங்களின் சூட்டில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் துரோகியின் பிள்ளை என்ற பெயரோடு வளர்ந்தார்கள். மற்றப் பக்கம் போனால், பெயரைப் பார்த்தவுடனே கோப்பு ஒன்று மேசை மாறிப் போய்விடும். சிங்களத் தேர்ச்சி இல்லையென்று பதவி உயர்வு நின்றவர்களும் உண்டு. இவ்வளவையும் தாங்கி உத்தியோகத்தில் நின்று, எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளைத் தடுப்பிலிருந்து சத்தமில்லாமல் வெளியே கொண்டுவந்தவர்கள் உங்களுக்குள் இருக்கிறார்கள். அந்தக் கதைகளை ஊர் இன்னும் கேட்கவில்லை. தேர்தல் அதைச் சொல்ல ஓர் இடம்.

ஆனால் ஒன்றை நேராகவே சொல்லிவிட வேண்டும். தடுப்பில் இருந்த மனிதர் மீது கை வைத்தவர்கள் வர வேண்டாம். வாக்குமூலம் வாங்கத் தலைகீழாகக் கட்டியவர்களும், பக்கத்து அறையில் அது நடக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு தகவல் புத்தகம் எழுதியவர்களும் வர வேண்டாம். சித்திரவதைக்கு எதிரான சட்டம் இந்த நாட்டில் 1994 இல் இருந்து இருக்கிறது. ஊருக்கு அந்தச் சட்டத்தின் இலக்கம் தெரியாமல் இருக்கலாம், ஆட்களின் பெயர் தெரியும். மற்றவர்கள், வேட்புமனுவோடு சேர்த்து உங்கள் சேவை வரலாற்றை வெளியிடுங்கள். எந்த நிலையத்தில் எந்த ஆண்டு இருந்தீர்கள், ஒழுக்காற்று விசாரணை இருந்ததா, அடிப்படை உரிமை மீறல் வழக்கில் பெயர் வந்ததா. கேட்கும் முன்னே நீங்களாகவே போட்டுவிடுங்கள். மற்ற வேட்பாளர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லைத்தான். உங்களிடம் ஊர் கேட்கும், கேட்க உரிமையும் இருக்கிறது.

பெண் உத்தியோகத்தர்களுக்குத் தனியாக எழுத வேண்டும். உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தபின், பட்டியலை நிரப்பப் பெயர் தேடி வீடு வீடாக அலைந்த கட்சிகளை எனக்குத் தெரியும். பெண்கள் சிறுவர் பணியகத்தில் இருந்து, அடி வாங்கிய மனைவியின் வாக்குமூலத்தை அவள் அழுது முடியும் வரை காத்திருந்து எழுதிய நீங்கள், அந்தப் பட்டியலில் இடம் நிரப்ப வரத் தேவையில்லை. வட்டாரத்தில் நேரே நின்று வெல்லக்கூடியவர்கள். எந்த ஒழுங்கையில் தெருவிளக்கு எரியாததால் ரியூசன் விட்டு வரும் பிள்ளைகள் சுற்றிப் போகிறார்கள் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெருவிளக்குச் சபையின் வேலை.

எந்தக் கட்சியில் நிற்பது என்று நான் சொல்லப் போவதில்லை. சுயேச்சையாகவும் நிற்கலாம். கட்சிக்காரர் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கு ஒரு வரி: இவர்களை மேடையில் பொன்னாடை போர்த்த மட்டும் கூப்பிடாதீர்கள், வெல்லக்கூடிய இடத்தில் நிறுத்துங்கள்.

தேர்தல் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 13 ஆவது திருத்தத்தின் அந்தப் பின்னிணைப்பு நீண்டதில்லை, ஓர் இரவில் வாசித்து முடிக்கலாம். ஐந்தாறு பேர் கூடுங்கள். பருத்தித்துறையிலோ சாவகச்சேரியிலோ மானிப்பாயிலோ யாராவது வீட்டில் கூடலாம். பந்தி பந்தியாக எடுத்து, இது ஒரு பொலிஸ் நிலையத்தில் எப்படி நடக்கும், எங்கே இடிக்கும், என்ன விதி எழுத வேண்டும் என்று தமிழில் எழுதுங்கள். எழுதியதை அச்சிட்டு 17 சபைகளின் தவிசாளர்களுக்கும் முதல்வருக்கும் அனுப்புங்கள். துணைவிதிப் பகுதிக்கு ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். பழைய வர்த்தமானிகள் கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன, கொண்டு வருகிறேன்.

அன்புடனும் மதிப்புடனும்,
வலிகாமத்திலிருந்து
ஓய்வுபெற்ற வருமானப் பரிசோதகர் ஒருவர்